ஒரு கூடை குடைமிளகாயும் எழுதாமல் விட்ட மாடும்

எங்கள் துறையில் இப்போது பணியில் இருக்கும் தம்பிகள் இரண்டு பேர் போன மாதம் வீட்டுக்கு வந்தார்கள். இருவரையும் தேர்தல் பறக்கும் படைக்குப் போட்டிருக்கிறார்கள். வழக்கம்போல மருத்துவ விடுப்பு கேட்டுப் பார்த்து, கிடைக்காமல், சரி, வேலையையாவது கற்றுக்கொள்வோம் என்று முடிவுசெய்து வந்தவர்கள். "சார், உங்க சர்வீஸ்லயே நீங்க பிடிச்ச பெரிய பறிமுதல் எது?" என்று கேட்டார்கள். பணப்பெட்டி, சேலை மூட்டை, மிக்ஸி ஏற்றிய லாரி என்று ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். "ஒரு கூடை குடைமிளகாய்" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்து, காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். மிச்சத்தைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எழுதுவது பழகிய வேலை என்பதால் எழுதிப் பார்க்கிறேன்.

நான் கல்லாவிப் பக்கத்துக்காரன். வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றேன். நடுவில் நடந்ததை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். முதல் பத்து வருடம் மேலதிகாரி சொன்னதை எழுதினேன். அடுத்த பத்து வருடம் மேலதிகாரி சொல்ல நினைத்ததை எழுதினேன். அதன் பிறகு ஓசூர்ப் பக்கம் மாற்றலாகி வந்தேன். இங்கே ஒரு பட்டா விசாரணைக்குப் போனால் அண்ணன் தமிழில் பேசுவார், தம்பி தெலுங்கில் பேசுவார், பக்கத்து நிலத்துக்காரர் இருவரையும் கன்னடத்தில் திட்டுவார். மூன்றையும் ஒரே வாக்குமூலமாக எழுதி மூவரிடமும் கையெழுத்து வாங்கத் தெரிந்தவன் என்று எனக்குப் பெயர் வந்தது. அந்தப் பெயருக்குக் கிடைத்த பரிசு, ஒவ்வொரு தேர்தலுக்கும் நடத்தை விதி வேலை.

தேர்தல் தேதியை அறிவித்த நிமிடத்தில் நடத்தை விதி அமலுக்கு வந்துவிடும். முதல் நாள் முழுக்க மூடுகிற வேலைதான். தலைவர்களின் சிலையைத் துணியால் மூட வேண்டும், அடிக்கல் கல்வெட்டைக் காகிதம் ஒட்டி மறைக்க வேண்டும், அலுவலகச் சுவரில் சிரித்துக்கொண்டிருக்கும் படங்களைக் கழற்ற வேண்டும். வருடம் முழுக்க அந்தச் சிலையை ஊரில் யாரும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. துணி போட்ட மறுநாள் பேருந்துக்கு நிற்கிறவர்கள் எல்லாரும், "யாருப்பா அது உள்ளே?" என்று கேட்பார்கள்.

இரண்டாம் நாளிலிருந்து கட்சிக்காரர்கள் வருவார்கள். கட்சிகளைச் சட்டம் கட்டுப்படுத்துகிறது என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். எனக்குத் தெரிந்த வரையில் அந்த ஒன்றரை மாதம் சட்டத்தை வரி விடாமல் படிப்பவர்கள் கட்சிக்காரர்கள்தான். கிராமத்தில் சுவரில் எழுதுவதற்கு வீட்டுக்காரரின் எழுத்துச் சம்மதம் வேண்டும் என்பது விதி. பாகலூர்ப் பக்கம் ஒரு வீட்டுச் சுவருக்கு இரண்டு கட்சிகளும் சம்மதக் கடிதம் கொண்டுவந்தன. விசாரித்தால் அது அண்ணன் தம்பிக்குப் பொதுச் சுவர், இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. மேல்பாதி அண்ணன், கீழ்ப்பாதி தம்பி என்று நானே கோடு போட்டுக் கொடுத்தேன். கீழே எழுதிய கட்சியின் சின்னத்தை ஆடு உரசி உரசி அழித்துவிட்டது. அதற்கும் எதிர்க்கட்சியின் சதி என்று ஒரு புகார் வந்தது.

எங்கள் தேர்தல் நடத்தும் அலுவலரை நாங்கள் ஐயா என்றே அழைப்போம். இங்கேயும் அப்படியே இருக்கட்டும். நல்ல மனிதர். கோபப்படமாட்டார், லஞ்சம் வாங்கமாட்டார், முடிவும் எடுக்கமாட்டார். எந்தச் சிக்கலைக் கொண்டுபோனாலும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்ப மாட்டிக்கொண்டு, "விதி என்ன சொல்லுது?" என்பார். சொல்வோம். "அப்ப அதைப் பாத்து செய்யுங்க" என்பார். நல்லபடியாக முடிந்தால் அது அவர் சொன்னது, கெட்டுப்போனால் நாம் செய்தது. கோப்பில் எழுதிக் கேட்டால் ஓரத்தில் பென்சிலால் 'பேசவும்' என்று எழுதி அனுப்புவார். போய்ப் பேசினால், "எழுதிக் குடுங்களேன்" என்பார். இப்படியே அவர் எந்தக் குற்றச்சாட்டும் இல்லாமல் மேலே மேலே போனார். அவர்மேல் எனக்குக் கோபம் உண்டு. அவரிடம் நான் இந்த வித்தையைக் கற்றுக்கொண்டதில் என்மேல் அதைவிடக் கோபம் உண்டு.

பறக்கும் படை என்றால் ஏதோ பறக்கும் என்று நினைக்க வேண்டாம். வேறொரு துறையிலிருந்து பிடுங்கிய ஜீப், ஓட்டுநர், தலைமைக் காவலர் முனிராஜ், வீடியோ எடுக்கிற செல்வம், நான். முனிராஜ் உள்ளூர்க்காரர், மூன்று மொழியிலும் மிரட்டத் தெரிந்தவர். செல்வம் தேனியிலிருந்து தொழிற்சாலை வேலைக்கு வந்து, அது ஒத்துவராமல் கல்யாண வீடியோ எடுக்கப் போனவன். பழக்க தோஷத்தில் சோதனைச் சாவடியில் நிறுத்தப்படும் கார்க்காரர்களிடம், "கொஞ்சம் இப்படித் திரும்புங்கண்ணே, லைட் விழல" என்பான். முதல் வாரம் அவன் கொடுத்த பதிவில் பின்னணியில் நாதஸ்வரம் ஒலித்தது. வாகனச் சோதனைக்கு எதற்கப்பா நாதஸ்வரம் என்று கேட்டால், "அது தானா சேர்ந்துக்குது சார்" என்றான்.

ஒரு வேட்பாளருக்கு இத்தனை வண்டிக்குத்தான் அனுமதி, ஊர்வலத்தில் இத்தனை வண்டிதான் சேர்ந்து போகலாம் என்று விதி இருக்கிறது. அதனால் பெரிய கட்சிகளின் வண்டி குறைந்தது என்று நினைக்கிறீர்களா? சின்னக் கட்சிகளின் எண்ணிக்கை கூடியது. பதிவு பெற்ற, ஆனால் யாரும் கேள்விப்படாத கட்சிகளின் வேட்பாளர்கள் மனுத்தாக்கல் செய்வார்கள். அவர்களுக்கும் சட்டப்படி வண்டி அனுமதி உண்டு. ஒரு நாள் பெரிய கட்சி ஒன்றின் பிரசாரத்துக்குப் பின்னால் வந்த வேனை நிறுத்தினேன். கண்ணாடியில் கரண்டிச் சின்னத்து வேட்பாளரின் அனுமதிச் சீட்டு ஒட்டியிருந்தது. உள்ளே எல்லார் தோளிலும் பெரிய கட்சியின் துண்டு.

"உங்க வேட்பாளர் பேர் என்ன?" என்று முன்சீட்டில் இருந்தவரிடம் கேட்டேன்.

"அந்தச் சீட்டுலயே போட்டிருக்கும் பாருங்க சார்."

"நான் படிச்சிட்டேன். உங்களுக்குத் தெரியுமான்னு கேக்கறேன்."

அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார். பின்னால் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஓட்டுநர்தான் மெதுவாகச் சொன்னார். "நான்தாங்க சார் வேட்பாளர். இவங்களுக்கு எம்பேரு தெரியாது. டிரைவரேன்னுதான் கூப்புடுவாங்க."

வேட்பாளர் வண்டி ஓட்டக்கூடாது என்று எந்த விதியிலும் இல்லை. வண்டிக்குள் இருப்பவர்களுக்கு அவர் பெயர் தெரிந்திருக்க வேண்டும் என்றும் இல்லை. ஐயாவுக்குப் போன் செய்தேன். அவர் என்ன சொல்லியிருப்பார் என்று உங்களுக்கே தெரியும். அனுமதிச் சீட்டு ஒழுங்காக இருந்ததால் வேனைப் போகவிட்டேன்.

இன்னொரு கட்சிக்குப் பொதுக்கூட்டத்துக்கு மைதானம் கிடைக்கவில்லை. அவர்கள் கேட்ட தேதியில் வேறு கட்சி முந்திக்கொண்டு அனுமதி வாங்கிவிட்டது. நீதிமன்றம் போவார்கள் என்று பயந்துகொண்டிருந்தோம். அவர்கள் கர்நாடகா போனார்கள். எல்லைக் கல்லைத் தாண்டி ஒரு முட்டைக்கோஸ் தோட்டத்தில் மேடை போட்டார்கள். மேடை, மைக், தலைவர், ஒலிபெருக்கி எல்லாம் அந்த மாநிலம். கேட்கிற ஜனம் மட்டும் இந்த மாநிலத்தில், அறுவடை முடிந்த வயலில் உட்கார்ந்திருந்தது. எங்கள் பக்கம் மேடை இல்லை, ஆகவே பொதுக்கூட்டம் இல்லை. அவர்கள் பக்கம் தேர்தல் இல்லை, ஆகவே விதிமீறல் இல்லை. அந்தப் பக்கத்து அதிகாரியைப் போனில் பிடித்தேன்.

"நம்ம கடெ எலெக்ஷனே இல்ல சார், ஏனு மாடோது?" என்றார். தங்கள் பக்கம் தேர்தலே இல்லாதபோது என்ன செய்வது என்கிறார். நியாயம்தான். அதோடு, பேசுகிறவர் நன்றாகப் பேசுகிறாரா என்று விசாரித்தார்.

அன்று இரவு அறிக்கையில், 'மேற்படி நிகழ்வு இத்தொகுதி எல்லைக்கு வெளியே நடைபெற்றது. இத்தொகுதி எல்லைக்குள் கேட்கப்பட்டது' என்று எழுதினேன். ஐயா அதைப் படித்து, சர்வீஸில் முதல் முறையாக என்னைப் பாராட்டினார். யார்மேலும் நடவடிக்கை எடுக்கத் தேவையில்லாத வாசகம் என்றார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

இதையெல்லாம் சொல்லக் காரணம் உண்டு. அந்த ஒன்றரை மாதத்தில் பெரிய மீன்கள் எல்லாம் அனுமதிச் சீட்டோடு நீந்திப் போயின. சீட்டு இல்லாமல் மாட்டியவர் நாகரத்னம்மா ஒருவர்தான்.

நாகரத்னம்மாவுக்கு அப்போது நாற்பது வயதுக்குக் கிட்ட இருக்கும். ஒரு தொழிற்சாலையின் கேன்டீனில் ஒப்பந்தத் தொழிலாளியாகப் பல வருடம் பாத்திரம் கழுவியவர். ஒப்பந்தக்காரர் மாறிக்கொண்டே இருப்பார், ஆகவே பதினோரு மாதத்துக்கு ஒருமுறை அவரும் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவராகிவிடுவார். இப்படிப்பட்டவர்கள் கொஞ்சம் பேர் சேர்ந்து ஒரு கட்சியைப் பதிவு செய்திருந்தார்கள். உறுப்பினர்களிடம் உறுதிமொழிப் பத்திரம் வாங்கி, கட்சி விதிகள் எழுதி, பத்திரிகையில் அறிவிப்புப் போட்டு, சட்டம் கேட்ட எல்லாவற்றையும் கொடுத்து வாங்கிய பதிவு. அவர்களும் பதிவு பெற்ற கட்சி, கரண்டிக்காரரும் பதிவு பெற்ற கட்சி. காகிதத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் கிடையாது.

சின்னம் ஒதுக்கும் நாளில் அவர் தையல் இயந்திரம் கேட்டார். அதையே வேறொருவரும் கேட்க, குலுக்கலில் அது போய்விட்டது. மீதியிருந்த பட்டியலில் குடைமிளகாய் இருந்தது. நம் பக்கம் பசுமைக்குடிலில் எல்லாம் விளைகிற காய்தானே, ஜனங்களுக்குத் தெரியும் என்று அதை எடுத்துக்கொண்டார்.

அங்கேதான் வினை பிடித்தது. வாக்குப்பதிவு இயந்திரத்தில் சின்னம் கறுப்பு வெள்ளைக் கோட்டுப்படமாகத்தான் வரும். குடைமிளகாயிலிருந்து நிறத்தை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது? துண்டுப் பிரசுரத்தைக் காட்டினால் ஒருவர் தக்காளி என்றார், ஒருவர் பூசணி என்றார், ஒருவர் வயிற்றுக்குள் இருக்கும் ஏதோ உறுப்பு என்று நினைத்து, "ஆஸ்பத்திரி கட்டித் தர்றீங்களா?" என்று கேட்டாராம். ஆகவே அந்த அம்மா, தங்கை வேலைசெய்த பசுமைக்குடிலில் விற்காமல் ஒதுக்கிய கோணல் காய்களைக் கூடையில் வாங்கிக்கொண்டு வீடு வீடாகப் போனார். ஒரு காயை எடுத்து வாக்காளர் கையில் கொடுப்பார். "இதாங்க நம்ம சின்னம். நல்லாப் பாத்துக்குங்க. மெஷின்ல இது கறுப்பா இருக்கும்" என்பார். பார்த்த பிறகு திரும்ப வாங்கிக் கூடையில் போட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவார். வாக்காளருக்கு எதையும் கொடுக்கக்கூடாது என்பது அவருக்குத் தெரியும். அத்தனை கவனமாக இருந்தார்.

அந்தத் தேர்தலில்தான் எங்களுக்குச் செல்போன் செயலி வந்திருந்தது. பொதுமக்கள் விதிமீறலைப் படம் எடுத்து அனுப்பினால், நூறு நிமிடத்துக்குள் நாங்கள் போய், பார்த்து, முடித்து, அறிக்கை ஏற்ற வேண்டும். தாமதமானால் எங்கள் குழுவின் பெயர் மேலிடத்துத் திரையில் சிவப்பாகும். ஒரு நாள் காலை பத்து மணிக்கு ஒரு படம் வந்தது. தொழிலாளர் குடியிருப்பு வரிசையில் ஒரு வாசல். நாகரத்னம்மாவின் கை. எதிரே ஒரு பெண்ணின் கை. இரண்டு கைக்கும் நடுவில் ஒரு குடைமிளகாய். 'வாக்காளர்களுக்குப் பொருள் விநியோகம்' என்று எழுதியிருந்தது. கொடுக்கிற கைக்கும் திரும்ப வாங்குகிற கைக்கும் படத்தில் ஏது வித்தியாசம்?

போனோம். அனுப்பியவர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். எந்தக் கட்சியின் முகவர் என்பது வேண்டாம். அவர் கையில் போன், பக்கத்தில் இரண்டு பேர் கையிலும் போன், மூன்றும் எங்களைப் பார்த்து நீட்டியிருந்தன.

"என்னம்மா இது?" என்றேன்.

"சின்னம் சார்" என்றார் நாகரத்னம்மா. "காட்டிட்டு வாங்கிக்கறேன். யாருக்கும் குடுக்கல. வேணும்னா எண்ணிப் பாருங்க. காலையில நாப்பது எடுத்துட்டு வந்தேன்."

தெருவில் துண்டை விரித்து எண்ணினோம். முப்பத்தொன்பது இருந்தது. திரும்பவும் எண்ணினோம். அப்போதும் முப்பத்தொன்பதுதான்.

"ஒண்ணு எங்கே?" என்றார் முகவர், கேள்வி கேட்கும் உரிமை தனக்கு இருப்பதுபோல.

நாகரத்னம்மா குழாயடிப் பக்கம் கையைக் காட்டினார். அங்கே ஒரு பசுமாடு கட்டியிருந்தது. "கூடைய அங்க வெச்சிட்டுத் தண்ணி குடிச்சேன் சார். அது ஒண்ண இழுத்துத் தின்னுபுட்டுது. நான் என்ன பண்றது?"

முகவர் சிரித்தார். நான் மாட்டின் அருகில் போய்ப் பார்த்தேன். கடைவாயில் பச்சைக் காம்பு ஒட்டியிருந்தது. கீழே சேற்றில் வெள்ளை விதைகள் சிதறிக் கிடந்தன. அந்த அம்மா சொன்னது உண்மை. எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. அதில் எந்தச் சந்தேகமும் அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

கொஞ்சம் தள்ளிப்போய் ஐயாவுக்குப் போன் செய்தேன். "ஐயா, ஒரு காய் குறையுது. மாடு தின்னதா சொல்றாங்க. நானும் பாத்தேன், தின்னிருக்கு."

அந்தப் பக்கம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பார். "மாடா?" என்றார். "ரிப்போர்ட்டுல மாடெல்லாம் வந்தா நல்லாவா இருக்கும்? மேல பாக்கறவங்க என்ன நினைப்பாங்க? பாத்து செய்யுங்க."

முனிராஜ் காதருகே வந்தார். "சார், மாட்ட எழுதுனீங்கன்னா வேற வம்பு. பிரசாரத்துல விலங்கப் பயன்படுத்தக்கூடாதுன்னு ஒரு ரூல் இருக்குதில்ல? அந்த ஆளு அதையும் சேர்த்துப் புகார் குடுப்பான். அந்தம்மாவுக்கு ரெண்டு கேஸ் ஆயிடும்."

இதுபோல ஒரு காரணம் கிடைத்தால் போதும், பயந்தவனுக்குத் தன்னைத் தானே இரக்கமுள்ளவனாக நினைத்துக்கொள்ளச் சௌகரியமாக இருக்கும். மாட்டை விடுவது அவர் நன்மைக்குத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். செல்வத்திடம், "மாடு வராம எடுப்பா" என்றேன். அவன் ஒரு நொடி என்னைப் பார்த்துவிட்டுக் கேமராவை இந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். நூறு நிமிடத்தில் எண்பது போயிருந்தது.

மகஜர் எழுதினேன். இடம், நேரம், சாட்சிகள், கைப்பற்றிய பொருளின் விவரம். 'மூங்கில் கூடை ஒன்று, குடைமிளகாய் முப்பத்தொன்பது.' வேட்பாளர் நாற்பது கொண்டுவந்ததாக ஒப்புக்கொண்டார், ஒன்று குறைவாக உள்ளது, அதற்கு ஏற்கத்தக்க விளக்கம் தரப்படவில்லை. இந்தக் கடைசி வரியை எழுத எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. முப்பது வருடப் பழக்கம். கூடையைத் துணியால் கட்டி அரக்கு முத்திரை வைத்தோம். என் புகாரின் பேரில் காவல் நிலையத்தில் வழக்கு ஏறியது. வாக்காளருக்கு லஞ்சம் கொடுத்த குற்றம். செயலியில் எங்கள் குழு பச்சையானது.

கைப்பற்றிய பொருளைக் கருவூலத்தில் வைக்க வேண்டும். கருவூலக்காரர் கூடையை முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினார். அழுகும் பொருளை என்ன செய்வது என்று எழுதிக் கேட்டேன். 'பேசவும்' என்று வந்தது. பேசினேன். எழுதச் சொன்னார். இந்தப் போக்குவரத்தில் இரண்டு வாரம் போனது. கூடை தேர்தல் அறையின் மூலையில் முத்திரையோடு இருந்தது. ஒரு நாள் ஐயா உள்ளே வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்ன நாத்தம் இது?" என்றார்.

"சான்றுப் பொருள், ஐயா" என்றேன்.

துப்புரவுப் பணியாளர் யாரிடமும் கேட்காமல் முத்திரையைப் பிய்த்து உள்ளே இருந்ததைக் குப்பையில் கொட்டி, கூடையைக் கழுவி வைத்துவிட்டார். அந்த அலுவலகத்தில் நான் பார்த்த ஒரே துணிச்சலான முடிவு அதுதான். பதிவேட்டில் மட்டும் முப்பத்தொன்பது காய்களும் வாடாமல் இருந்தன.

நாகரத்னம்மா தோற்றார். டெபாசிட் போனது. கரண்டிக்காரரும்தான் தோற்றார், ஆனால் அவர் அதை எதிர்பார்த்தவர், வேன் வாடகையும் வாங்கியவர். ஜெயித்தவர்மேல் ஏகப்பட்ட வழக்குகள் இருந்தன. விதிப்படி அவற்றைப் பத்திரிகையில் மூன்று முறை விளம்பரம் செய்திருந்தார். பூதக்கண்ணாடி இருந்திருந்தால் நானே படித்திருப்பேன்.

நான் ஓய்வு பெற இரண்டு மாதம் இருக்கும்போது நாகரத்னம்மா அலுவலகத்துக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"கம்பெனி கேட்டுல உள்ள உடமாட்டேங்கறாங்க சார்" என்றார். "புது கான்ட்ராக்ட்காரரு போலீஸ் வெரிஃபிகேஷன் கேட்டாரு. ஸ்டேஷன்ல கேஸ் இருக்குதுன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. நாலு கம்பெனி பாத்துட்டேன். எல்லா கேட்டுலயும் அதேதான் கேக்கறாங்க. லஞ்சம் குடுத்த கேஸுன்னா என்னைய என்னவோ நெனைக்கறாங்க சார். பையன் பாலிடெக்னிக்ல படிக்கறான். பசுமைக்குடில்ல தினக்கூலிக்குப் போயிட்டிருக்கேன், அதுவும் வாரத்துல மூணு நாள்தான்."

"கோர்ட்டுல இருக்கிற விஷயம்மா. சட்டம் அதன் போக்குல போகும்" என்றேன்.

"மாடு தின்னத நீங்களும் பாத்தீங்கதானே சார்?"

நான் ஒரு கோப்பைப் பிரித்துப் பார்த்தேன். எந்தக் கோப்பு என்றுகூட நினைவில்லை. அவர் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார். அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவ்வளவுதான் நான் செய்த பிராயச்சித்தம். மறுநாள் வழக்கம்போல அலுவலகம் போனேன்.

ஓய்வு பெற்ற பிறகு நீதிமன்றச் சம்மன் வந்தது. புகார்தாரன் என்பதால் நான் முதல் சாட்சி. முனிராஜ் இரண்டாம் சாட்சி. வாய்தா வாய்தாவாகப் போய் ஒருவழியாக விசாரணைக்கு வந்த அன்று, வெளியே பெஞ்சில் அவர் என்னிடம், "சார், ஞாபகம் இல்லைன்னு சொல்லிட்டா எல்லாருக்கும் நல்லது. பென்ஷன் வாங்கற நேரத்துல எதுக்கு?" என்றார். அவர் சொன்னதில் அர்த்தம் இருந்தது. பொய் மகஜர் எழுதினேன் என்று நானே சொன்னால் துறை சும்மா இருக்குமா?

கூண்டில் ஏறினேன். அரசு வழக்கறிஞர் கேட்டதற்கெல்லாம் மகஜரில் உள்ளபடி சொன்னேன். பிறகு நாகரத்னம்மாவின் வக்கீல் எழுந்தார். தொழிலாளர் வழக்குகள் நடத்துகிற பெண். தூரம், நேரம், சாட்சி கையெழுத்து என்று கேட்டுக்கொண்டே வந்து கடைசியில், "நாப்பதுல முப்பத்தொன்பதுதான் இருந்ததுன்னு சொல்றீங்க. மீதி ஒண்ணு யார் கையில இருந்தது? எந்த வாக்காளர்? பேர் சொல்ல முடியுமா?" என்றார். தெரியாது என்று நான் சொல்ல வேண்டும், குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று அவர் வாதிட வேண்டும். அதுதான் அவர் போட்ட கணக்கு.

"மாடு தின்னிருச்சும்மா" என்றேன்.

வக்கீலே திகைத்துவிட்டார். மாஜிஸ்திரேட் எழுதுவதை நிறுத்தினார். "நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன், ஐயா. வாயில காம்பு இருந்தது. விதை கீழே கிடந்தது."

"இது ஏன் மகஜர்ல இல்ல?"

"எழுதினா மேல சிரிப்பாங்கன்னு விட்டுட்டேன், ஐயா."

யாராவது சிரிப்பார்கள் என்று நினைத்தேன். சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். ஒருவரும் சிரிக்கவில்லை. நாகரத்னம்மா பின்வரிசையில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வேலைக்காக ஏறி இறங்கிய நாலு கம்பெனி வாசலும் என் கண்முன் வந்தன. வெட்கமாக இருந்தது.

தீர்ப்பு நாளில் யாரும் கூப்பிடாமலே போனேன். விடுதலை. கைப்பற்றிய பொருளை உரியவரிடம் ஒப்படைக்கவும் என்று உத்தரவின் கடைசியில் ஒரு வரி இருந்தது. நாகரத்னம்மா சான்றுப் பொருள் அறைக்குப் போனார். நான் சற்றுத் தள்ளி நின்றேன். அங்கிருந்த எழுத்தர் பழைய மூங்கில் கூடையைத் தூசி தட்டி மேசைமேல் வைத்தார். பதிவேட்டைப் பிரித்து விரலால் ஓர் இடத்தைக் காட்டினார்.

"இங்க ஒரு கையெழுத்து போடும்மா. பெற்றுக்கொண்டேன்னு."

அவர் எழுத்துக்கூட்டி வாசித்தார். "மூங்கில் கூடை ஒன்று, குடைமிளகாய் முப்பத்தொன்பது." நிமிர்ந்தார். "மிளகா எங்கங்க?"

"அதெல்லாம் எப்பவோ அழுகிப் போயிருக்கும். நீ கையெழுத்துப் போடும்மா, சும்மா ஒரு ஃபார்மாலிட்டி."

"இல்லாதத இருக்குதுன்னு நான் எப்படிங்க கையெழுத்துப் போடறது?"

"அட, என்னம்மா நீ. யாரு வந்து எண்ணப் போறாங்க?"

"எண்ணுவாங்க சார்" என்றார் நாகரத்னம்மா.

எழுத்தர் என்னைப் பார்த்தார். பழைய அதிகாரி, எடுத்துச் சொல்லுங்கள் என்பதுபோல. அந்த அம்மா பேனாவை வாங்கினார். அந்த வரியின்மேல் நேராக ஒரு கோடு இழுத்து அடித்தார். கீழே, பள்ளிக்கூடப் பிள்ளையின் உருண்டை எழுத்தில், ஒவ்வோர் எழுத்தாக எழுதினார். 'கூடை மட்டும் வாங்கிக்கொண்டேன். வெறும் கூடை.' கையெழுத்துப் போட்டுத் தேதி எழுதினார். பதிவேட்டை எழுத்தர் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, கூடையை எடுத்துக்கொண்டு என்னைத் தாண்டி நடந்து போனார்.